விலை விடுமுறைக்கு, கூட்டத்துக்கு அல்ல: கிள்ளான் பள்ளத்தாக்கில் போக்குவரத்துத் தொழிலாளரின் திருவிழா நாள் ஊதியம்

1962 டிசம்பர் ரயில் வேலைநிறுத்தத்தை விட்டுவிட்டு மலேசியத் தொழிற்சங்க வரலாற்றை எழுத முடியாது. தினக்கூலிகளை மாதச் சம்பளத்துக்கு மாற்றக் கோரி ரயில் தொழிலாளர் சங்கம் ஏறத்தாழ மூன்று வாரம் வண்டிகளை நிறுத்தியது. செந்தூல் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பும் தமிழர் வாழ்வின் மையமாக இருந்த காலம் அது. தொழிற்சங்க இயக்கத்தின் போக்கை அரசின் தலையீடே தீர்மானித்தது என்பது ஜோமோ குவாமே சுந்தரமும் பேட்ரிசியா டாடும் 1994இல் வெளியிட்ட நூலின் அடிப்படை வாதம். அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்துக்குக் கடிவாளமிட்ட 1965ஆம் ஆண்டு விதிகளும், அவற்றின் சாரத்தை நிலைநிறுத்திய 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டமும் அந்த வாதத்துக்கு வலுவான சான்றுகள். இதே வாசிப்பைத் திருவிழா நாள் ஊதியத்துக்கும் நீட்டினால் ஒரு சீரான சித்திரம் கிடைக்கும்: வண்டியை நிறுத்தும் வலிமையை அரசு பறித்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் பொது விடுமுறையில் உழைப்பவருக்குச் சட்டத்தின் வழியே கூடுதல் கூலி கொடுத்தது. இக்கட்டுரை மறுப்பது அந்தச் சித்திரத்தை. பெருவிழா நாளின் உழைப்புக்கு அரசு விலை வைக்கவே இல்லை. விடுமுறை என்ற பெயருக்கு மட்டும் விலை வைத்தது. எந்த நாளுக்கு அந்தப் பெயர் என்பதில் பெரும்பகுதியைப் பணியிடத்திடம் விட்டுவிட்டது.

சான்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60டி பிரிவிலேயே கிடக்கிறது. பொது விடுமுறையன்று வேலைக்கு அழைக்கப்படுபவருக்கு அந்த நாளின் விடுமுறைச் சம்பளம் போக இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் உட்பிரிவு. பலரும் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்து வரும் சொற்கள்தான் முக்கியம்: வேலை செய்த நேரம் வழக்கமான நேரத்தைவிடக் குறைவாக இருந்தாலும் அந்த இரண்டு நாள் சம்பளம் குறையாது. இரண்டு மணி நேரம் டிக்கெட் முகப்பில் இருந்தவருக்கும், எட்டு மணி நேரம் நடைமேடையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவருக்கும் விகிதம் ஒன்றே. உழைப்பின் அளவுக்கோ நெரிசலின் கனத்துக்கோ இங்கே இடமில்லை. இதே உட்பிரிவு பயணப்படியைப் பற்றியும் பேசுகிறது. ஒப்பந்தத்தில் பயணப்படி இருந்தால் அந்த நாளுக்கும் அது உண்டு. ஆனால் வீட்டுப்படியும் உணவுப்படியும் அன்று கூட மாட்டா. விடிய விடிய நின்றவரின் சாப்பாட்டுச் செலவைச் சட்டம் அறியாமல் இல்லை. அறிந்தே விலக்கிவைக்கிறது. ஆகவே இந்தக் கூலியைக் கடின உழைப்புக்கான சன்மானமாகப் படிப்பது பிழை. பறிபோன ஓய்வுக்கான ஈடு அது.

அந்த ஓய்வு எந்த நாளில் என்பது அடுத்த கேள்வி. ஆண்டுக்குப் பதினொரு விடுமுறைகள் உண்டு. 2012 திருத்தத்துக்கு முன் பத்து. அவற்றில் ஐந்தைச் சட்டமே பெயர் சொல்லிக் கட்டாயமாக்குகிறது: தேசிய நாள், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச நாள், தொழிலாளர் நாள், மலேசியா நாள். எஞ்சிய ஆறும் அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவை. அவற்றை முதலாளி ஆண்டு தொடங்குமுன் பணியிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். தொழிலாளியுடன் பேசி வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. தைப்பூசம் அந்த ஐந்தில் இல்லை. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தில் அது பொது விடுமுறையானதே 2008இல்தான். முருகன் தலமான பத்துமலையில் 1890களிலிருந்து தைப்பூச விழா நடக்கிறது. சுண்ணாம்புக்கல் எடுக்கப் போடப்பட்ட பத்துமலை ரயில் கிளைப்பாதை 1905இல் திறக்கப்பட்டது. பக்தர் கூட்டம் எந்த ஆண்டிலிருந்து ரயிலில் போனது என்பதற்கு அந்த 1905ஐ விடையாகக் கொள்ள முடியாது. ரயில் கூட்டத்துக்கு அது ஒரு கீழெல்லை மட்டுமே. எப்படிக் கணக்கிட்டாலும், ஊதியச் சீட்டில் இடம்பிடிக்கும் தகுதியைத் தலைநகரில் தைப்பூசம் பெற நூறாண்டுக்கு மேல் ஆனது. தகுதி வந்த பிறகும், அது கைக்கு வருவது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட ஒரு தாளைப் பொறுத்தது. பட்டியலில் தைப்பூசம் இல்லாத ஒரு பேருந்து நிறுவனத்தில், கிள்ளானிலிருந்து பத்துமலைக்கு அன்று சிறப்புப் பேருந்து ஓட்டுபவருக்கு அது இன்னொரு வேலைநாள்தான்.

கூட்டத்துக்கும் விடுமுறைப் பெயருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 2017 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் துலக்கமாகக் காட்டுகின்றன. கோலாலம்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி ஆகஸ்ட் 19 முதல் 30 வரை நடந்தது. சுங்கை பூலோ - காஜாங் எம்.ஆர்.டி. வழித்தடம் முழுமையாக ஓடத் தொடங்கி ஒன்றரை மாதம்கூட ஆகாத நேரம். மலேசியா 111 தங்கம் என்ற இலக்கைத் தாண்டி 145 வென்றதும், செப்டம்பர் 4ஐக் கூடுதல் பொது விடுமுறையாகப் பிரதமர் அறிவித்தார். 1951ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தின் எட்டாம் பிரிவின்படி அறிவிக்கப்படும் இத்தகைய நாளும் 60டிக்குள் வரும், முதலாளி அதற்கு மாற்றுநாள் தரலாம் என்றாலும். விளைவைப் பாருங்கள். அரங்குகளுக்குக் கூட்டம் அலைமோதிய பன்னிரண்டு நாளும் ரயில் ஊழியருக்குச் சட்டப்படி சாதாரண நாள்கள். போட்டி முடிந்து நகரம் ஓய்ந்திருந்த அந்தத் திங்கட்கிழமை விடுமுறை விகிதத்துக்குரிய நாள். ஒரே ஒரு நிகழ்விலிருந்து பொதுவிதி வகுக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனாலும் கூட்டமும் கூலியும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்ற இன்னொரு சான்று எளிதில் அமையாது.

எதிர்வாதங்கள் உண்டு. விடுமுறையன்று வழக்கமான நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் மூன்று மடங்கு என்கிறதே சட்டம், அது உழைப்பின் அளவைப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்க்கிறது, ஆனால் நேரத்தை மட்டும். அதுவும் அந்த நாள் ஏற்கெனவே விடுமுறையாக இருந்தால்தான். இரண்டாவது எதிர்வாதம் கனமானது: வெற்றிடம் விட்டதும் அரசின் செயல்தானே, அப்படியானால் ஜோமோவும் டாடும் சொன்னது சரிதானே? ஒரு பகுதி சரி. தொழிலுறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, யாரை எந்த வேலையில் அமர்த்துவது என்பதைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டது. தைப்பூச இரவில் பத்துமலை நிலையத்துக்கு யார் என்பதைச் சங்கம் பேரம் பேச முடியாது. ஆனால் அந்த இரவுக்கு என்ன விலை என்று பேச அதே பிரிவு தடை போடவில்லை. அந்தப் பேரத்துக்கான இடம் கூட்டு ஒப்பந்தம். அரசின் கை எங்கும் நீண்டிருந்தது என்ற வாசிப்பில், இந்தத் திறந்த இடம் கண்ணில் படாமல் போகிறது. ஒரு வரம்பையும் இங்கே குறிக்க வேண்டும். 1992இல் மலேசிய ரயில்வேயான கே.டி.எம். நிறுவனமாக்கப்படும்வரை ரயில் ஊழியர் அரசு ஊழியர். அவர்களை ஆண்டவை அரசுப் பணிக்கான பொது ஆணைகள். எனவே 60டியை வைத்து 1962ஐ விளக்குவது காலத்தைக் குழப்புவதாகும். மாதச் சம்பளத்துக்கு மாறியதும் விழா நாள் கூலியும் ஒரே ஏணியின் படிகள் என்று சொல்ல, என் பார்வையில், போதிய ஆதாரம் இல்லை. தினக்கூலிக்காரருக்கு எந்த வேலைநாளும் தனித்தனிக் கணக்கு. மாதச் சம்பளம் எல்லா நாளையும் ஒன்றாக்கியது. அதன் பிறகு ஒரு நாளைத் தனியே பிரித்து விலை கேட்க, அந்த நாளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1962இன் வெற்றி இந்தக் கோரிக்கையை எளிதாக்கவில்லை, கடினமாக்கியது என்பது துணிவான ஊகம். ஆனால் வழக்கமான படிக்கட்டுக் கதையைவிடப் பொருத்தமான ஊகம்.

நாளின் பெயரை நம்பாமல் நிகழ்வையே முன்வைத்துக் கேட்ட உதாரணம் லண்டன். 2012 ஒலிம்பிக்குக்கு முன் பாதாள ரயில் சங்கங்கள் தனிப் போனஸ் பேசி முடித்தன. பேருந்து ஓட்டுநர்கள் 500 பவுண்டு கேட்டு ஜூன் 22இல் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலையில் போட்டி தொடங்குமுன் உடன்பாடு வந்தது. விடுமுறைப் பட்டியலுக்கும் அந்தப் பேச்சுக்கும் தொடர்பில்லை. கூடுதல் கூட்டம், நீண்ட ஷிப்ட், மாற்றப்பட்ட விடுப்பு ஆகியவையே அங்கே வாதமாயின. அத்தியாவசியச் சேவையில் வேலைநிறுத்தத்துக்கு 21 நாள் முன்னறிவிப்புக் கேட்கும் மலேசியாவில் அதே ஆயுதம் அதே வேகத்தில் எடுபடாது. ஆனால் கோரிக்கையின் வடிவத்தை எடுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பத்துமலைக்குக் கொமுட்டர் ரயில் இரவு முழுதும் ஓடும் நாள்களைப் பெயர் சொல்லி, விடுமுறையோ இல்லையோ இன்ன தொகை என்று எழுதிய கூட்டு ஒப்பந்தம் கிடைத்தால், இக்கட்டுரையின் வாதத்தில் ஒரு பாதி திருத்தப்பட வேண்டும்: பணியிடம் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டது என்று. அரசு அதை நிரப்பவில்லை என்ற மறுபாதி அப்போதும் நிற்கும்.