கூவத்தின் சேறும் கோப்புகளும்

சென்னையின் கூவம் ஆறு பற்றிய அரசு ஆவணங்களில் சேறு கன மீட்டரில் வருகிறது. நீரின் மாசோ லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வருகிறது. ஒன்று அள்ளி அப்புறப்படுத்த வேண்டிய பருமன், மற்றது சோதித்துப் பார்க்க வேண்டிய தரம். சேற்றுக்கும் ஒரு தரம் உண்டு. மேலே ஓடும் நீரின் நிலையில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதைத் தன் வேலையாக எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளாததற்கு அறியாமை காரணம் அன்று, அதிகாரம் பங்கிடப்பட்ட முறையே காரணம் என்பது என் வாதம்.

ஆற்றுப்படுகை நீர்வளத் துறையிடம் இருக்கிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடிநீர் வாரியத்துடையது. மாதிரி எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இத்தனை பேரையும் ஒருங்கிணைக்கச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று ஒன்றும் உண்டு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கை, ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்றது. குளிக்கத் தகுந்த நீருக்கு வரம்பு 3. ஆனால் இது நீர் மாதிரியின் கணக்கு. அடியில் கிடக்கும் கரிய சேற்றில் ஆக்சிஜன் இல்லை. கடல்நீரோடு வரும் சல்பேட்டை அங்குள்ள நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடாக்குகின்றன. பாலத்தைக் கடப்பவர் மூக்கைப் பொத்துவது சேற்றுக்காகவும்தான். ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்கள் அந்தச் சல்பைடோடு பிணைந்து, கரையாமல் அடங்கிக் கிடக்கும். பொக்லைன் வாளி கிளறியதும் காற்றுப்பட்டுப் பிணைப்பு தளரும். உலோகத்தில் ஒரு பகுதி நீருக்குத் திரும்பக்கூடும். மிச்சமிருக்கும் சொற்ப ஆக்சிஜனையும் கலங்கிய சேறு குடித்துவிடும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தாலோ, அடுத்த வடகிழக்குப் பருவமழை அதை ஆற்றிலேயே இறக்கிவிடும். வெள்ளத் தடுப்புக் கோப்பில் சாதனையாகப் பதிவாகும் தூர்வாரல், நீர்த்தரக் கோப்பில் ஒரு மாசு நிகழ்வு.

வெள்ளம்தானே முதல் கவலை என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நகரத்தில் தூர்வாராதே என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. எந்த வேலை முதலில், எது பிறகு என்ற வரிசை பற்றியதே என் கேள்வி.

அதிகாரப் பங்கீட்டில், கூவம் கடலில் சேரும் முகத்துவாரத்தின் கதை இன்னும் சிக்கலானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த துறைமுகச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தது. மெரினா அகன்றது; ராயபுரக் கரை அரிபட்டது; நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே கூவத்தின் வாய் மணல்மேட்டால் அடைபடலாயிற்று. கடல் ஏற்றவற்றம் உள்ளே வந்து கழுவ முடியாதபோது நுண்வண்டல் படிந்துகொண்டே போகும். துறைமுகம் ஒன்றிய அரசின் கீழ் இருக்கிறது. வாயில் மணல் அள்ளும் வேலை மாநிலத்தின் தலையில்.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் நீரோடை என்பதற்குத் தரும் விளக்கத்தில், தற்காலிகமாக வறண்ட நீர்வழிகூட அடங்கும். படுகைச் சேறு அங்கே தனியாகப் பேசப்படவில்லை. இந்த இடைவெளியை நிரப்பச் சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். தூர்வாரும் ஒப்பந்தப்புள்ளியோடு சேற்று மாதிரியின் ஆய்வு முடிவும், கொட்டும் இடத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலும் இணைக்கப்பட வேண்டும். ஒரு பகுதியில் கழிவுநீர் விழும் வாய்களைக் குடிநீர் வாரியம் அடைத்த பிறகே அங்கே நீர்வளத் துறை இயந்திரத்தை இறக்க வேண்டும்.