பழைய வீடுகளின் மெயின் போர்டு

மீட்டரைத் தாண்டி வரும் மின்சாரத்தை வீட்டுக்குள் பல சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு காவலை வைக்கும் இடம் மெயின் போர்டு. தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு மரப்பலகை. அதில் கைப்பிடி வைத்த இரும்புக் கூட்டு மெயின் சுவிட்சும், பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் இருக்கும். பழையது என்ற ஒரே காரணத்துக்காக இதை ஆபத்தானது என்று சொல்வது சரியாகாது. சரியான கம்பி போட்ட ஃபியூஸ் இன்றும் தன் வேலையைச் செய்யும். ஆனால் அந்த வேலை வயரைக் காப்பது மட்டுமே. மனிதனைக் காக்கும் ஏற்பாடு எதுவும் அந்தப் பலகையில் முதலிலிருந்தே கிடையாது. ஃபியூஸைக் கழற்றி, லோடு மிஞ்சினால் தானாக விழும் ட்ரிப்பர் போட்டுவிட்டால் வீடு பத்திரம் என்று நம்புகிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

முதலில் வயரின் கதை. 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டைக்கு உரியது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஈயம் பூசிய செம்புக் கம்பி. பிரிட்டிஷ் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ் 1880களில் வகுத்த கணக்குப்படி அது 28 ஆம்பியர் அளவில் உருகும். ராத்திரியில் ஃபியூஸ் போய்விட்டால் இந்தக் கம்பியை யார் தேடுவார்கள்? கையில் கிடைத்த 3/20 வயரில் ஓர் இழையை உருவி, கட்டையின் இரண்டு திருகுகளுக்கும் நடுவே முறுக்கிவிடுவது வழக்கம். அந்த இழையின் விட்டம் 0.9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; அதே கணக்குப்படி அது உருக 70 ஆம்பியர் வேண்டும். அதற்குள் சுவருக்குள் ஓடும் வயரின் காப்புறை கருகத் தொடங்கிவிடும். விளக்கும் மின்விசிறியும் மட்டுமே ஓடிய காலத்தில் இந்தத் தவறு வெளியே தெரியவில்லை. இன்று 2,000 வாட் கீசர் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறது, அதோடு ஏ.சி.யும் இண்டக்‌ஷன் அடுப்பும் அதே பழைய வயரில் ஏறுகின்றன. ஃபியூஸ் கட்டையின் பிடிப்பு தளர்ந்திருந்தால் இன்னொரு கேடும் சேரும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்து, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால், அந்தச் சின்ன இடத்தில் மட்டும் 50 வாட் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் அளவைத் தாண்டாததால் எந்த ஃபியூஸும் போகாது, எந்த ட்ரிப்பரும் விழாது. பலகை பழுப்பேறுவதும், கருகல் வாடை வருவதும், விளக்கு மினுக்குவதும்தான் எச்சரிக்கை.

ஆளைக் கொல்லும் குறை வேறு. பல பழைய போர்டுகளில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃபியூஸ்கள் உண்டு. நியூட்ரலில் தனி ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஆனாலும் அவை இன்னும் சுவர்களில் தொங்குகின்றன. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், பேஸ் வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பவரைக் காப்பாற்ற அங்கே எதுவுமில்லை. கீசரின் உட்கம்பி உடைந்து அதன் இரும்பு உடலில் மின்சாரம் ஏறினாலும் இதே நிலைதான். வீட்டு எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால், அதன் வழியே மண்ணுக்கு இறங்குவது ஏறத்தாழ 23 ஆம்பியர். உரிய கம்பி போட்ட 15 ஆம்பியர் ஃபியூஸ்கூட அதற்கு உருகாது. கோடையில் மண் காய்ந்தால் மின்னோட்டம் இன்னும் குறையும். ஈரக் கையோடு தொடுகிறவரின் உடல் தடையை 1,000 ஓம் என்று வைத்தால், அவர் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது பொருட்டே இல்லை. ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்பு சுவிட்ச் இந்த இடைவெளியை அடைக்கிறது. பேஸில் போனது நியூட்ரலில் திரும்பாமல் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, 0.3 வினாடிக்குள் அது இணைப்பைத் துண்டிக்கும். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒருசேரத் தொட்டால் அதற்குத் தெரியாது. அதிகப்படி லோடும் தெரியாது. அதனால் ட்ரிப்பர்கள் கூடவே இருக்க வேண்டும்.

நாற்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்பது வழக்கமான மறுப்பு. கசிவு ஏற்படாத வரை ஒன்றும் ஆகாதுதான். ஏற்படும் நாளில் அந்த நாற்பது வருடம் உதவிக்கு வராது. ஃபியூஸில் அசையும் உறுப்பு கிடையாது, ட்ரிப்பர் இறுகிப்போகலாம் என்பது இதைவிட வலுவான வாதம். அமெரிக்காவில் ஃபெடரல் பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஸ்டாப்-லாக் பெட்டிகள் 1950களிலிருந்து ஏராளமான வீடுகளில் பொருத்தப்பட்டன. அவற்றின் ட்ரிப்பர்கள் விழவேண்டிய நேரத்தில் விழாமல் போவது சோதனைகளில் தெரியவந்தது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1983இல் தன் விசாரணையை முடிவு சொல்லாமலே மூடியது. இன்றும் அங்கே வீடு வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைக் கண்டால் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். ட்ரிப்பரைத் தரம் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இது சான்று. ஃபியூஸுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு இல்லை. மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேர் இணைப்பு கொடுப்பவர்களும் உண்டு. அது விழுவது பெரும்பாலும் ஈரம் புகுந்த வயரையோ, இரண்டு சுற்றுகளின் நியூட்ரல் கலந்திருப்பதையோ காட்டுகிறது. பழுதைத் தேடாமல் காவலை நீக்குவது உயிரோடு விளையாடுவது.

செலவு ஒரேயடியாகக் கட்டுப்படி ஆகாதவர்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை முதலில் போடட்டும். நியூட்ரல் ஃபியூஸை எடுத்துவிட்டு எர்த் குழியின் தடையை அளந்து பார்க்கட்டும். மற்ற ட்ரிப்பர்களும் வயரும் பின்னால் வரலாம். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடமே இதைக் கொடுங்கள். மீட்டருக்கு முன்னுள்ள ஃபியூஸ் மின்வாரியத்துக்குச் சொந்தம், அதை வீட்டுக்காரர் தொடக் கூடாது. ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருந்தால், அதில் ‘டி’ என்று போட்ட பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் கீழே விழாவிட்டால் அதை உடனே மாற்றுங்கள்.