உத்திரமேரூரில் ஏரிக்காவலும் வாகனம் கழுவும் வழக்கமும்

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள பேரூர் ஆகும். குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற இவ்வூர், ஏரிப் பராமரிப்பிலும் நீண்ட வரலாறு உடையது. வண்டியைக் கழுவும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் ஏரி, குளங்களைச் சார்ந்தே வளர்ந்ததால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

ஏரி வாரியம்

பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், இவ்வூர் சதுர்வேதிமங்கலமாக விளங்கியது. இங்குள்ள வயிரமேகத் தடாகத்தைத் தூர் வாருவதற்குப் பொன் கொடை அளிக்கப்பட்டதைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளன. இவற்றின்படி ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் 6 பேர் ஏரி வாரியத்தில் 360 நாள்கள் பணியாற்றினர். நீரைக் காப்பது ஊரின் பொதுக் கடமையாக இருந்தது.

மாட்டு வண்டிக் காலம்

மாடுகளைக் குளிப்பாட்டும்போதே வண்டியையும் நீரில் இறக்குவது உழவர் வழக்கம். இது அழுக்கு நீக்க மட்டுமன்று. கோடையில் மரச்சக்கரம் காய்ந்து சுருங்கினால் அதன் மேலுள்ள இரும்புப் பட்டை தளர்ந்துவிடும். நீரில் ஊறிய மரம் உப்பிப் பட்டையை இறுக்கிப் பிடிக்கும். தேய்க்க வைக்கோலே போதும் என்பதால் ஏரிக்குப் பெருங்கேடு விளையவில்லை.

மோட்டார் வாகனக் காலம்

டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் வந்தபின் நிலை மாறியது. இவற்றைக் கழுவிய நீரில் என்ஜின் எண்ணெய், கிரீஸ், டீசல், சோப்பு ஆகியவை கலந்திருக்கும். எண்ணெய்ப் படலம் நீரில் ஆக்சிஜன் கரைவதைத் தடுக்கிறது. பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் பாசியைப் பெருக்குகிறது. நீர்நிலைகளில் மாசுப் பொருள்களை விடுவதை 1974ஆம் ஆண்டின் நீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் தடை செய்கிறது.

1950இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் கார்ஷர் உயர் அழுத்த வெந்நீர்க் கருவியை உருவாக்கினார். இவ்வகைக் கருவிகளைக் கொண்டு வாகனம் கழுவும் கடைகள் தமிழ்நாட்டில் 'வாட்டர் சர்வீஸ்' எனப்படுகின்றன. ஆயுத பூசைக்கு முன்னர் இவற்றில் கூட்டம் மிகுதியாக இருக்கும். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பெங்களூருவில் குடிநீரால் வாகனம் கழுவத் தடை விதிக்கப்பட்டு, மீறுவோருக்கு ரூ.5,000 அபராதம் அறிவிக்கப்பட்டது.

முறையாகக் கழுவுதல்

• ஏரிக்கரை, வரத்துக்கால்வாய், கிணற்றடி ஆகியவற்றைத் தவிர்த்து, நிழலான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும்.
• என்ஜின் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூடான உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் ஏற்படலாம்.
• முதலில் வெறும் நீரால் மண்ணை ஊறவைத்து நீக்க வேண்டும். மண்ணோடு தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும்.
• ஒரு வாளியில் வாகன ஷாம்பு கரைத்த நீரும், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீரும் வைத்து, மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனித்துணி தேவை.
• உயர் அழுத்த நீரை ரேடியேட்டர், மின்கம்பிகள், பேரிங் ஆகியவற்றின் மீது நேராகப் பாய்ச்சக்கூடாது.
• உப்புத்தன்மையுள்ள போர்வெல் நீர் வெண்திட்டுகளை விடும் என்பதால் உடனே துடைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சங்கிலி உலர்ந்தபின் எண்ணெய் இட வேண்டும்.
• வண்டியை எடுத்தவுடன் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடிக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

குழாயைத் திறந்தே விடாமல் வாளியில் கழுவினால் நீர் மிச்சமாகும். அன்று 6 பேர் கொண்ட வாரியம் காத்த ஏரிநீரை இன்று காக்கும் பொறுப்பு, வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.