பல்லூர்தி

வானொலிப் பாடத்தில் வரும் ‘ஊர்தி அலை’யின் ஊர்தி, ‘ஊர்’ என்ற வினையடியில் பிறந்தது. ஊர்தல் நகர்வது மட்டுமல்ல. குதிரை ஊர்தல், தேர் ஊர்தல் என ஏறிச் செலுத்துவதும் அதுவே. குரலோ தரவோ உயர் அதிர்வெண் அலை ஒன்றின்மேல் ஏறித்தான் வெகுதூரம் போகிறது. இவ்வளவு பொருந்திய கலைச்சொல் அரிது.

ஊர்தி ஒன்றாக இல்லாமல் நூற்றுக்கணக்கில் பெருகினால் பல்லூர்தி. 1966-இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் அதற்கு வழி சொன்னார். அண்டை அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் குழம்பாதிருக்க, அவை ‘ஆர்த்தோகனல்’ ஆக இருக்க வேண்டும். கிரேக்கத்தில் ‘ஆர்த்தோஸ்’ நேர், ‘கோனியா’ கோணம்; தமிழில் செங்குத்து. இங்கே அது கணக்கில் நிற்கும் செங்குத்து: ஒரு குறியீடு நீடிக்கும் நேரம் முழுவதும் இரண்டு அலைகளைப் பெருக்கிக் கூட்டினால் விடை சுழி. 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) அலைவரிசையில் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 1,200 துணை ஊர்திகள் ஓடுகின்றன. 5ஜி அந்த இடைவெளியை 30, 60, 120 என்று இரட்டிக்கவும் இடம் தருகிறது.

மென்பொருள் வானொலியில் இவையெல்லாம் நிரலில் மாற்றக்கூடிய எண்கள். வேறொருவர் பயன்படுத்தும் அதிர்வெண்களில் ஊர்திகளை அணைத்தும் வைக்கலாம்.

பல்லூர்தியைச் சோதிக்கும்போதுதான் சிக்கல். பல அலைகளின் முகடுகள் ஒரே கணத்தில் சேர்ந்தால் உச்சம் சராசரியைப் பல மடங்கு தாண்டும், அலையை வலுவாக்கும் பெருக்கி திணறும், பக்கத்து அலைவரிசைக்கும் இரைச்சல் கசியும். அதனால் உச்சத்துக்கும் சராசரிக்குமான விகிதத்தைப் பொறியாளர்கள் முதலில் அளக்கிறார்கள்.