நாலாவது சிங்கம்

கோடம்பாக்கத்து டப்பிங் கூடங்களில் நான் கும்பலாக இருந்தவன். மைக் முன்னால் நிற்பது நாலைந்து பேர். திரையில் ஓடுவது நாற்பது ரவுடிகள் என்றால் நாற்பது பேராகக் கத்த வேண்டும். போலீஸ் படம் வந்தால் தொண்டைக்குக் கேடு, வயிற்றுக்கு நல்லது.

தெலுங்கு போலீஸ் படங்களுக்கு இங்கே மவுசு ஏறியது 1990 வாக்கில். கோடி ராமகிருஷ்ணா இயக்கிய ‘அங்குசம்’ தமிழில் ‘இதுதாண்டா போலீஸ்’ ஆனது. டப்பிங் படமா என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் வரிசையில் நின்றார்கள். நாயகன் ராஜசேகர் நம் தேனிப் பக்கத்துக்காரர், டாக்டருக்குப் படித்தவர், 1984-ல் பாரதிராஜாவின் ‘புதுமைப் பெண்’ணில் தலைகாட்டியவர். தெலுங்கில் அவர் வாயசைக்க, குரல் சாய்குமாருடையது. தமிழர் தெலுங்கில் அசைத்த வாய்க்கு மறுபடியும் தமிழை ஒட்டினார்கள்!

ஒட்டுவது லேசல்ல. அப்போதெல்லாம் துண்டாக வெட்டிய சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். தெலுங்குச் சொல் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். வாய் திறந்தே நிற்கும். நாம் ‘போகணும்’ என்று உதட்டை மூடினால் ஒட்டாது. ஆனால் அவர்களுடைய ‘ரா’வுக்கு நம் ‘டா’ அச்சாகப் பொருந்தும். அந்த ‘டா’ சுவரொட்டியில் தலைப்பாக நின்றதைப் பார்த்தபோது, எங்கள் கூடத்துச் சரக்கு வீதிக்கு வந்துவிட்டதென்று சிரித்தேன். அடுத்து விஜயசாந்தியின் ‘கர்த்தவ்யம்’, ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ ஆக வந்து அதே போடு போட்டது. தெலுங்கில் அந்த வேடத்துக்காக அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது.

கார் வெடித்தால் செலவு. வசனம் வெடித்தால் செலவில்லை. சிறு முதலாளிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1996-ல் கன்னடத்தில் சண்டை மாஸ்டர் திரில்லர் மஞ்சு ‘போலீஸ் ஸ்டோரி’யை இயக்கினார். பெங்களூர் போலீஸ் அதிகாரி அக்னியாக நடித்தவர் யார்? ராஜசேகருக்கும் இன்னொரு தெலுங்கு நாயகன் சுமனுக்கும் இருட்டறையில் நின்று குரல் கொடுத்த அதே சாய்குமார். அசோகர் தூணில் கண்ணுக்குத் தெரிவது மூன்று சிங்கம், தெரியாத நாலாவதுதான் போலீஸ் என்று அவர் முழங்கியதை ஊரே திருப்பிச் சொன்னது. எங்கள் ஆட்களுக்கு அதில் வேறு அர்த்தம். அத்தனை நாளும் திரைக்குப் பின்னால் நின்ற சிங்கம் அவர்தானே.

என் குரல் அப்படி முன்னால் வரவே இல்லை. எத்தனையோ போலீஸ் படங்களில் பேசியிருக்கிறேன். ஒருமுறையும் காக்கிச்சட்டைக்குப் பேசியதில்லை. எனக்கு வாய்த்ததெல்லாம் லாக்கப்பில் அடி வாங்குகிறவன். படம் முடிந்து வெளியே வரும் பையன்கள் நெஞ்சை நிமிர்த்தி அதிகாரியின் வசனத்தைச் சொல்லிக்கொண்டு போவார்கள். “ஐயா, விட்ருங்கய்யா, நான் இல்லீங்கய்யா” என்பதை ஒருவனும் சொல்லிக் கேட்டதில்லை. அவன் குற்றவாளியா என்று படத்திலும் யாரும் கேட்கவில்லை. அடி சத்தத்துக்குச் சரியாக அலறல் விழுந்ததா என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.