தங்கை தந்த முதல்: 'பாசமலர்' படமும் விழுப்புரம், திண்டிவனம் வட்டார வழக்கமும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

அண்ணன் தங்கைப் பாசம் என்றதும் தமிழர் நினைவுக்கு முதலில் வருவது ஏ. பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' (1961). சிவாஜி கணேசன் அண்ணன், சாவித்திரி தங்கை. அண்ணனின் தியாகக் கதை என்றே இப்படத்தைப் பேசி வந்திருக்கிறோம். படத்தில் முதலில் கொடுப்பவள் தங்கை என்பது இக்கட்டுரையின் துணிபு. சிவாஜியின் வி. சி. கணேசன் என்ற இயற்பெயரில் 'வி' குறிக்கும் விழுப்புரமும், அதையடுத்த செஞ்சி, திண்டிவனம் பகுதிகளும் இத்துணிபுக்குச் சான்று தருகின்றன.

2. படத்தில்

ராஜசேகரனும் ராதாவும் தாய் தந்தை அற்றவர்கள். அண்ணன் வேலையிழந்து கலங்கி நிற்கும்போது, வீட்டிலிருந்தபடி பொம்மை செய்து சேர்த்த பணத்தை ராதா எடுத்துக் கொடுக்கிறாள். அந்த முதலில் தொடங்கிய தொழிலே அவனைச் செல்வனாக்குகிறது. பிறகு ஆனந்துடன் (ஜெமினி கணேசன்) அவள் திருமணம், ஆனந்தின் அத்தை மூட்டும் கலகம், பிரிவு, தீபாவளி நாளில் பட்டாசிலிருந்து தங்கையின் குழந்தையைக் காக்கப்போய் அண்ணன் பார்வையிழப்பது, இருவர் மரணம். பார்த்தவர் நெஞ்சில் கண்ணிழந்த அண்ணன் நிற்கிறான். பொம்மை செய்த கைகள் நிற்பதில்லை. சிவாஜியின் நடிப்பு வலிமை அப்படி. ஆனால் சாவித்திரி இல்லாமல் அந்த முடிவு நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1962-இல் இப்படம் தெலுங்கில் 'ரக்த சம்பந்தம்' ஆயிற்று. இந்தியில் பீம்சிங்கே 'ராக்கி' என்று எடுத்தார். நம் வட்டாரத்தில் ராக்கி என்னும் காப்புக் கயிறு கட்டி உறவைப் புதுப்பிக்கும் வழக்கமில்லை. இங்கே சேலையும் சீரும்தான் அண்ணன் தங்கை உறவைச் சொல்லும்.

3. கூத்துக் களத்தில்

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, நிறைவில் தீமிதி. துகிலுரிதல் கூத்தன்று துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். திரௌபதி கண்ணனை "அண்ணா" என்று அழைத்து அலறும் கட்டத்தில் கூட்டத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சேலை வளர்கிறது. ஏன் வளர்கிறது என்பதற்கு நாட்டார் கதை ஒன்று உண்டு: முன்னொரு நாள் கண்ணனுக்குத் தேவைப்பட்டபோது அவள் தன் சேலையைக் கிழித்துத் துணி கொடுத்திருந்தாள். அண்ணன் அன்று சபையில் திருப்பித் தந்தது தங்கையிடம் பட்ட கடனை. ராதாவின் பணம் இந்தக் கிழிந்த துணியின் வழியில் வந்தது என்றே கருதுகிறேன்.

4. பத்திரத்தில்

பொங்கல் வரிசை, ஆடிச் சீர், காது குத்துக்குத் தாய்மாமன் மடி, இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி என்று அண்ணன் தங்கைக்குச் செய்வதெல்லாம் ஊர் பார்க்க நடக்கும். தங்கை கொடுப்பது சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் நடக்கும். 1989-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை தந்தது. அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமான பெண்களுக்கு அது கிட்டவில்லை. 2005-இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. உரிமை வந்ததும் கூடவே விடுதலைப் பத்திரமும் வந்தது. "அக்கா தங்கச்சிங்க வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டா போதும்" என்பார் பத்திரம் எழுதுபவர். மணிலா என்னும் நிலக்கடலைக் கொல்லையோ நஞ்சையோ, தன் பாகத்தைப் பிரதிபிரயோசனம் ஏதுமின்றி விட்டுக்கொடுப்பதாக எழுதி, புகைப்படம் எடுத்து, கைரேகை வைத்து வெளியே வருகிறாள். அண்ணன் ஒரு சேலை எடுத்துக் கொடுக்கிறான். சிலர் மனமுவந்தே போடுகிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாகம் கேட்டால் ஆடிக்கு அழைக்க ஆள் வராது, பிள்ளையின் காது குத்துக்கு மாமன் வரமாட்டான் என்ற அச்சமும் பல கையெழுத்துகளை வாங்குகிறது.