எல் வாஃபி: ஆம்ஸ்டர்டாமில் வென்றவர், பாரிஸில் மறக்கப்பட்டவர்

ஒலிம்பிக் மாரத்தான் என்றதும் 1960இல் ரோம் நகர வீதிகளில் வெறுங்காலுடன் ஓடி வென்ற எத்தியோப்பியர் அபேபே பிகிலாவே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து அந்தத் தங்கத்தை முதலில் வென்றவர் அவரல்லர். அவருக்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே அல்ஜீரிய முஸ்லிம் ஒருவர் அதைச் சாதித்திருந்தார். அவர் பெயர் புகேரா எல் வாஃபி.

1898இல் பிஸ்க்ரா நகரை அடுத்த பாலைவன ஊரான ஊலாத் ஜல்லாலில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தபோதுதான் அவரது ஓட்டத்திறன் வெளிப்பட்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏழாமிடம் பெற்றார். பின்னர் ரெனோ கார் தொழிற்சாலையில் தொழிலாளியானார்.

1928 ஆகஸ்ட் 5, ஆம்ஸ்டர்டாம். முன்னணியில் அமெரிக்கர் ஜோய் ரேயும் ஜப்பானியர் யமாடாவும் ஓடிக்கொண்டிருந்தனர். எல் வாஃபி அவசரப்படவில்லை. நெடுநேரம் பின்தங்கியே வந்தவர், இறுதிக் கட்டத்தில் ஒவ்வொருவராகக் கடந்து, 2 மணி 32 நிமிடம் 57 விநாடியில் அரங்கினுள் ஓடி முடித்தார். 26 விநாடிகள் கழித்தே சிலி நாட்டின் மனுவேல் பிளாசா வந்து சேர்ந்தார்.

பதக்கம் பிரான்சின் கணக்கில் ஏறியது. அல்ஜீரியா அன்று பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்தது. அல்ஜீரியாவின் பெயரில் ஓட அவருக்கு வழியே இல்லை.

வென்றபின் அமெரிக்கா சென்று பணத்துக்காக ஓடினார். அன்றைய விதிப்படி போட்டிக்குப் பணம் பெறுவோர் ஒலிம்பிக்கில் பங்கேற்க முடியாது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதாயிருந்த அவ்விதி, கூலித் தொழிலாளி ஒருவரின் ஓட்டவாழ்வை 30 வயதிலேயே முடித்துவிட்டது. அதன்பின் வறுமை. பதக்கத்தை எண்ணியவர்கள் அதை வென்றவரை எண்ணவில்லை.

1956இல் மெல்போர்னில் மாரத்தான் தங்கம் வென்ற அலைன் மிமூனும் அல்ஜீரியாவில் பிறந்தவரே. அவ்வெற்றிக்குப் பின்னரே 'முதலில் வென்றவர் எங்கே?' என்ற கேள்வி எழுந்தது. குடியரசுத் தலைவர் கோட்டியின் மாளிகைக்கு எல் வாஃபியும் அழைக்கப்பட்டார். 28 ஆண்டுகள் தாமதித்து வந்த மரியாதை அது.

அதையும் அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1959 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரணம் இன்றளவும் பலவாறு சொல்லப்படுகிறது. பாரிஸை அடுத்த பொபினி முஸ்லிம் மையவாடியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962இல்.